ஐந்து பிள்ளைகளும் ஒரு தராசும்

பிள்ளைச் செல்வத்தைப் பற்றி அல்லாஹு தஆலா தன் திருமறையில் இரண்டு விதமாகக் குறிப்பிட்டிருக்கிறான். கஹ்ஃபு சூராவில் அதை இவ்வுலக வாழ்வின் அலங்காரம் என்கிறான். தஃகாபுன் சூராவில் அதையே சோதனை என்கிறான். ஒரு பிள்ளை மட்டும் உள்ள வீட்டுக்காரரிடம் இவ்விரண்டு ஆயத்துக்களையும் ஓதிக் காட்டினால், முதல் ஆயத்துக்கு உடனே தலையை ஆட்டுவார். இரண்டாவதற்கு, "உலமாக்கள் இதற்கு என்ன விளக்கம் சொல்கிறார்கள், ஹஜ்ரத்?" என்று நம்மிடம் கேட்பார். ஐந்து பிள்ளைகளைப் பெற்றவருக்கு அந்தச் சிரமம் கிடையாது. கிதாபைத் திறக்காமலேயே அவர் நமக்குத் தஃப்ஸீர் சொல்லி விடுவார். சுபுஹுத் தொழுகைக்கு ஒரு காலில் தம்முடைய செருப்பும் மறு காலில் மகனுடைய செருப்புமாகப் பள்ளிவாசலில் வந்து நிற்பவர் வாய் திறக்க வேண்டிய அவசியமும் இல்லை!

ஒரு காலத்தில் நம் நாட்டில் சிவப்பு முக்கோணமும், "நாம் இருவர், நமக்கு இருவர்" என்ற வாசகமும் எழுதப்படாத சுவரைக் காண்பது அரிதாக இருந்தது. பிறகு அது "நமக்கு ஒருவர்" என்று சுருங்கியது. 2019-21-ல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகளே. 2024 அக்டோபரில் அப்போதைய முதலமைச்சர் ஸ்டாலின் அவர்கள் ஒரு திருமண விழாவிலே, பதினாறு பெற்று வாழும் அந்தப் பழைய வாழ்த்தை வேடிக்கையாக நினைவூட்டிப் பேசும்படி ஆயிற்று. இத்தகைய காலத்தில் தென்காசியிலோ கடையநல்லூரிலோ ஒருவர் நான்கு பிள்ளைகளுடன் பஸ்ஸில் ஏறினால், கண்டக்டர் முதலில் டிக்கெட்டை எண்ணுவதில்லை. பிள்ளைகளை எண்ணிவிட்டுப் பிறகு தகப்பனாரின் முகத்தைப் பார்க்கிறார்.

எத்தனை பிள்ளைகள் வேண்டும் என்று தீர்மானிக்க நாம் இதை எழுதவில்லை. குர்ஆன் இறங்கிக் கொண்டிருந்த அந்தப் புனிதமான காலத்திலேயே ஸஹாபாக்களில் சிலர் அஸ்ல் செய்து வந்தார்கள் என்று ஹளரத் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதன் சட்டங்களை விரிவாகப் பேச இது இடமல்ல. ஆனால் பசிக்குப் பயந்து பிள்ளையை வெறுப்பவருக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். அறியாமைக் காலத்து அரபிகள் வறுமையினால் தம் மக்களைக் கொன்றதைத் திருமறை இரண்டு இடங்களில் தடுக்கிறது. அன்ஆம் சூராவில், வறுமை ஏற்கனவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து விட்டவனைப் பார்த்துப் பேசும்போது, பெற்றோருக்கு ரிஜ்கு அளிப்பதை முதலிலும் பிள்ளைகளுக்கு அளிப்பதை அடுத்தும் கூறுகிறான் இறைவன். பனீ இஸ்ராயீல் சூராவில், வறுமை நாளை வந்து விடுமோ என்று அஞ்சுகிறவனிடம் பேசும்போது பிள்ளைகளின் ரிஜ்கை முன்னால் வைத்துப் பெற்றோருடையதைப் பின்னால் வைக்கிறான். இல்லாதவனுக்கு முதல் கவலை இன்றைய அடுப்பு. இருப்பவனுக்குக் கவலை வரப்போகிற வயிறு. அவரவர் கவலைக்கு அவரவர் பதில். அரபி இலக்கணம் ஓதும் நம் மாணவர்கள் இந்த இடத்தை அவசரமாகக் கடந்து போகக் கூடாது.

நாம் சொல்ல வந்தது சோற்றுக் கணக்கல்ல, வேறொரு கணக்கு.

ஒரு பிள்ளை இருக்கும் வரை ஒரு தகப்பன் வெறும் தகப்பன்தான். இரண்டாவது பிள்ளை பிறந்த அன்றே அவர் காஜியாகி விடுகிறார். சம்பளமில்லாத காஜி, விடுமுறையும் கிடையாது. வாதியும் பிரதிவாதியும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். சாட்சிகளோ இரு தரப்பிலும் வாங்கப்பட்டவர்கள். தீர்ப்புச் சொன்ன பின்பும் மேல் கோர்ட்டு ஒன்று அடுக்களையில் எந்நேரமும் திறந்தே இருக்கிறது! புதிதாகப் பிறந்த தம்பியைப் பார்த்துவிட்டு, "இவனை எப்போது ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுப்பீர்கள்?" என்று கேட்ட மூன்று வயதுச் சிறுமியை நாம் அறிவோம். அதை வேடிக்கை என்று எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிறுமி தாக்கல் செய்தது ஒரு மனு. என் பங்கில் கை வைக்க ஒருவன் வந்திருக்கிறான் என்பதே அதன் சாரம்.

வெள்ளிக்கிழமை மதியத்தை எடுத்துக் கொள்ளுங்கள். ஜும்ஆ முடிந்து வந்து அமர்ந்தால் கறி ஆணம் சட்டியோடு வருகிறது. சட்டிக்குள் நல்லி எலும்பு ஒன்றே ஒன்று. ஸஹனைச் சுற்றிப் பிள்ளைகள் ஐவர். உலகத்தில் எத்தனையோ எல்லைத் தகராறுகளைப் பற்றிப் பத்திரிகைகளில் படிக்கிறோம். ஆனால் அந்த ஒரு எலும்பைச் சுற்றி நடக்கும் பேச்சுவார்த்தையைக் கேட்டவர்கள் மற்றவற்றைச் சாதாரணமாகவே எண்ணுவார்கள். போன வெள்ளிக்கிழமை யாருக்குக் கிடைத்தது, அதற்கு முந்தியது யாருக்கு, நோன்புப் பெருநாளன்று யாருக்கு என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அம்ம ஜுஸ்வில் இரண்டு சூரா பாடம் கேட்டால் மறந்து போகிறவர்கள் இதில் ஹாபிஸ்கள்!

சிரிக்கலாம். ஆனால் பிள்ளைகள் எதை அளக்கிறார்கள் என்று கவனிக்க வேண்டும். எலும்பில் இருப்பது அரைக் கரண்டி மஜ்ஜை. அதற்காக எந்தப் பிள்ளையும் கண்ணீர் விடுவதில்லை. வாப்பாவின் கை அந்தச் சட்டியிலிருந்து யார் பக்கம் திரும்புகிறது என்பதையே ஐந்து ஜோடிக் கண்களும் பார்த்துக் கொண்டிருக்கின்றன.

இதை நன்கு அறிந்த ஒரு தாயைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். முஸ்லிம் ஷரீபில் வருகிறது. ஓர் ஏழைப் பெண்மணி தம் இரு பெண் மக்களைச் சுமந்து கொண்டு வந்தார். அன்னையவர்கள் மூன்று பேரீச்சம் பழங்களைக் கொடுத்தார்கள். மக்கள் இருவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு, மூன்றாவதைத் தாம் உண்பதற்காக வாயருகே கொண்டு போனார் அப்பெண்மணி. அதையும் பிள்ளைகள் கேட்டார்கள். நம் வீடுகளில் என்றால், "உனக்குத்தான் ஒன்று தந்தாயிற்றே" என்று ஒரு அதட்டல். அல்லது யார் உரக்க அழுகிறார்களோ அவர்களுக்கு முழுப் பழம். அவரோ அந்த ஒரு பழத்தை இரண்டாகப் பிளந்து இருவருக்கும் கொடுத்து விட்டார். அன்னையவர்கள் வியந்து போய் நாயகம் (ஸல்) அவர்களிடம் இதைச் சொன்னபோது, அதன் காரணமாக அப்பெண்மணிக்குச் சுவனம் உறுதியாகி விட்டதென்று நற்செய்தி கூறினார்கள். தன் பசியை விட்டுக் கொடுத்தது ஒரு நன்மை. அந்தப் பசியிலும் இரண்டு பாதிகள் சமமாக இருந்தனவே, அதை நாம் பேசாமல் போய் விடுகிறோம்.

சிறுவர்களுக்கும் உரிமை உண்டு என்பதை நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு சபையில் வைத்தே காட்டித் தந்தார்கள். பானம் ஒன்று வந்தது. அருந்திவிட்டுப் பார்த்தால் வலப்பக்கம் ஒரு சிறுவர். இடப்பக்கம் வயதில் மூத்தவர்கள். முறைப்படி வலப்பக்கத்தவருக்கே அடுத்தது. பெரியவர்களுக்கு முதலில் கொடுக்கலாமா என்று அந்தச் சிறுவரிடம் அனுமதி கேட்டார்கள். அவரோ, தங்கள் கரத்திலிருந்து எனக்குக் கிடைக்கும் பங்கை யாருக்கும் விட்டுத் தர மாட்டேன் என்று பதிலளித்து விட்டார். பாத்திரம் அவர் கைக்கே போயிற்று. நம் சபைகளில் ஒரு பையன் இப்படிச் சொல்லியிருந்தால் பாத்திரத்துக்கு முன் வேறொன்று அவனுக்குக் கிடைத்திருக்கும்!

பிள்ளைகள் பெருகப் பெருகப் பெற்றோரின் நாக்கு குழம்புவது இயல்பு. மூன்றாமவனை அழைக்க வேண்டிய தாய், மூத்தவன் பெயரில் தொடங்கி, மகள்களின் பெயரையும் தொட்டு, சில வீடுகளில் ஆட்டுக்குட்டியின் பெயரையும் சொல்லி முடித்த பிறகே அவனிடம் வந்து சேருகிறாள். பெருநாள் துணியும் அப்படியே. ஒரே தானில் எடுத்து ஒரே தையற்காரரிடம் கொடுத்து நான்கு பையன்களுக்கும் ஒரே சட்டை தைப்பது நம் பக்கத்துப் பழைய வழக்கம். சண்டைக்கு வழியில்லை, ஈத்காவில் ஒருவன் காணாமல் போனாலும், "இதே சட்டைதான்" என்று மற்றவனைக் காட்டித் தேடிக் கொள்ளலாம். இந்த ஏற்பாட்டில் நாம் குறை காணவில்லை. ஆனால் சட்டை ஒன்றாக இருக்கிறது என்பதற்காக உள்ளே இருப்பவனும் ஒன்றே என்று எண்ணி விடக் கூடாது.

அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்று ஒரு சின்னத் தம்பி. அவர் ஒரு சிறு குருவி வளர்த்தார். குருவி இறந்து போயிற்று. மதீனாவின் ஆட்சியும் படைகளும் தூதுக் குழுக்களும் தம் பொறுப்பில் இருக்க, நாயகம் (ஸல்) அவர்கள் அந்த வீட்டுக்கு வந்தபோது குருவி என்ன ஆயிற்று என்று அந்தக் குழந்தையிடம் அவன் பெயரோடு எதுகையாகச் சேர்த்து விசாரித்தார்கள். ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் ஐந்து குருவிகள் இருக்கும். எது யாருடையது என்று தெரிந்து வைத்திருக்கிறோமா?

தெரியாமல் வாழ்ந்தவர் ஒருவரும் ஹதீஸில் வருகிறார். தமீம் கூட்டத்தின் தலைவர் அக்ரஃ இப்னு ஹாபிஸ். நாயகம் (ஸல்) அவர்கள் பேரர் ஹஸன் (ரலி) அவர்களை முத்தமிடக் கண்டு, தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்றார். இரக்கம் காட்டாதவன் இரக்கம் காட்டப்பட மாட்டான் என்பது அவருக்குக் கிடைத்த பதில். பத்துப் பேரிடமும் சமமாகவே நடந்திருக்கிறார், அது உண்மை. பத்துப் பேருக்கும் சமமாக ஒன்றுமில்லை! தராசு நேராக நிற்பதற்கு இரண்டு தட்டையும் காலியாக வைத்திருப்பது ஒரு வழி என்று எண்ணுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முந்தைய தலைமுறை ஸாலிஹீன்கள் முத்தத்தில் கூடப் பிள்ளைகளிடையே சமம் பேணுவதை விரும்பினார்கள் என்று இப்ராஹீம் நகஈ (ரஹ்) அவர்களைத் தொட்டு அறிவிக்கப்படுகிறது. கொடுத்துச் சமம் செய்தார்கள். பிடித்து வைத்து அல்ல.

இனிக் குற்றாலத்துக்கு வருவோம். ஒரு வீட்டின் தராசு எப்படி நிற்கிறது என்று பார்க்க அதை விடச் சிறந்த இடம் நம் பக்கத்தில் இல்லை.

தென்காசியிலிருந்து குற்றாலம் 5 கிலோ மீட்டர்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சீஸன். சாரல் அடிக்கத் தொடங்கி விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் நம் மக்கள் வீட்டில் தங்குவதில்லை. ஓர் ஆட்டோவுக்குள் தகப்பனார், தாயார், பாட்டியார், பிள்ளைகள் ஐவர், எண்ணெய்க் கிண்ணம், துண்டுகள், சோற்று வாளி இத்தனையும் எப்படி அடங்குகின்றன என்பது விஞ்ஞானிகள் ஆராய வேண்டிய விஷயம். பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். ஐந்து வயதுப் பையன் எந்தப் பக்கம் என்று அங்கே ஒரு வழக்கு. தாயோடு போனால் தான் பெரியவனாகவில்லை என்று ஆகிவிடும். தகப்பனோடு போனால் அவர் தலையைப் பிடித்து நேராகத் தண்ணீருக்குள் நிறுத்தி விடுவார். இரண்டுக்கும் நடுவில் நின்று அழுவதே அவன் தீர்ப்பு.

அந்தப் பேரருவியின் அமைப்பிலே ஒரு ஹிக்மத் இருக்கிறது. மேலேயிருந்து வரும் வெள்ளம் நேராக மனிதர்களின் தலையில் விழுந்தால் யாரும் நிற்க முடியாது. அது நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழிக்குள் முதலில் விழுகிறது. அங்கே வேகம் அடங்கி, நிரம்பி வழிந்து, பிறகே கீழே நிற்பவர்கள் மீது பரவுகிறது. பிள்ளைகள் நிறைந்த வீட்டில் தகப்பனாரின் கோபத்துக்கும் பிள்ளைகளின் முதுகுக்கும் நடுவே உம்மா என்று ஒரு பொங்குமாங்கடலை அல்லாஹ் வைத்திருக்கிறான். அல்ஹம்து லில்லாஹ்!

குளித்து முடித்தால் கடைத் தெருவில் மங்குஸ்தான், ரம்புட்டான் பழக் கூடைகள். பிள்ளைகள் மொய்த்துக் கொள்வார்கள். பெரும்பாலும் முதல் பழம் மூத்த ஆண் பிள்ளையின் கைக்குப் போகும், அவன் கை நீளம் என்பதால். பருவத்தின் முதற்கனி தம்மிடம் கொண்டு வரப்பட்டால் நாயகம் (ஸல்) அவர்கள் பரக்கத்துக்காக துஆச் செய்துவிட்டு, அங்கிருக்கும் சிறுவர்களில் ஆகச் சின்னவரை அழைத்து அதைக் கொடுப்பார்கள் என்று முஸ்லிமில் காண்கிறோம். வரிசை எந்தப் பக்கமிருந்து தொடங்குகிறது பாருங்கள். கை எட்டாதவனிடமிருந்து தொடங்குகிறது.

சென்ற ஆண்டு சீஸனில் படிக்கட்டுப் பக்கம் நாம் கண்ட ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊர் பேர் வேண்டாம். தகப்பனார் அருவிக்கும் கடைக்குமாக நடந்து நடந்து பிள்ளைகளை எண்ணிக் கொண்டேயிருந்தார். எண்ண வேண்டியதுதான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நொடிப் பொழுதில் காட்டு வெள்ளம் பாய்ந்து, 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டு போனதை நம் பக்கத்து மக்கள் மறக்கவில்லை. மலையில் பெய்யும் மழை கீழே நிற்பவனுக்குத் தெரிவதில்லை. அவர் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரல் மடக்கினார். நிம்மதியாக மூச்சு விட்டார். ஆனால் பிள்ளைகள் ஐந்து. ஐந்தாவது எங்கே? அவர் பக்கத்திலேயே நின்று கொண்டிருந்தது. பதினோரு பன்னிரண்டு வயதுப் பெண். இடுப்பில் கைக்குழந்தை; தோளில் எல்லோருடைய துண்டுகளும்; கையில் செருப்புகள் கட்டிய பை. தகப்பனாருக்கு விரல் தவறும்போதெல்லாம், "தம்பி அந்தால நிக்கான் வாப்பா, தங்கச்சி உம்மாகிட்ட இருக்கா" என்று கணக்கை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

கணக்கெடுப்பவளைக் கணக்கில் சேர்க்கவில்லை!

எல்லோரும் தலை துவட்டிக் கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் முந்தாணை மட்டும் சாரலில் லேசாக நனைந்திருந்தது. தலை காய்ந்தே இருந்தது. அதைக் கண்டவர் பாட்டியார்தான். "ஏளா, நீ குளிக்கலியா? புள்ளய இங்க தா" என்று கையை நீட்டினார். "அவன் அழுவான்" என்றாள் அவள். "அழுதா அழட்டும். அவன் அழுததுல அருவி வத்திராது. நீ போ" என்று குழந்தையைப் பறித்துக் கொண்டார். அந்தப் பெண் இரண்டடி நடந்து, திரும்பி வந்து, செருப்புப் பையையும் பாட்டியாரிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். அதுவரை பெரிய மனுஷி போல் நின்றவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால் அவள் வயது தெரிந்தது. தகப்பனார் நல்ல மனிதர். ஒரு பிள்ளையையும் அவர் கடிந்து பேசி நாம் கேட்கவில்லை. அவர் எவரையும் ஒதுக்கவில்லை. அவர் கண்ணில் அவள் பிள்ளைகளின் வரிசையிலேயே இல்லை. பெரியவர்களின் வரிசைக்கு எப்போதோ மாறியிருந்தாள்.

வளரும் குடும்பங்களில் நடக்கும் அநீதிகளில் இதுவே ஆக நல்ல பெயர் வாங்கியது. "எங்கள் மூத்தவள் இருக்கிறாளே, அவள் சின்ன உம்மா!" என்று பெருமையாகச் சொல்வோம். தாயார் பீடித் தட்டோடு உட்கார்ந்திருப்பார். இலை வெட்டுவதும், சுற்றிய பீடியின் முனை மடக்குவதும், தொட்டில் ஆட்டுவதும், இடையில் பாலைக் காய்ச்சுவதும் மூத்தவள். தம்பி தங்கைகள் ஒவ்வொருவராக ஓதப் போகத் தொடங்க, அவள் ஒவ்வொரு நாளாக நின்று கொண்டே வருவாள். "கைப்பிள்ளை இருக்கிறது, அடுத்த வருஷம் அனுப்புகிறோம் ஹஜ்ரத்" என்பார்கள். அடுத்த வருஷம் கைப்பிள்ளை நடக்கத் தொடங்கும். சில வீடுகளில் அடுத்த கைப்பிள்ளை வந்து விடும். தொழுகையின் பர்ளுகளை அறிவது தம்பிக்குக் கடமையானது போலவே அவளுக்கும் கடமை. பள்ளிப் படிப்பிலும் அவள் பங்கு தொட்டில் கயிற்றில் கட்டிப் போடப்படக் கூடாது. உதவுவது வேறு, அவள் தம்பியைத் தூக்கட்டும், உம்மாவின் துஆவைச் சம்பாதிக்கட்டும். ஆனால் பெற்றவர்கள் இருவர் மீது இருக்கும் பொறுப்பை, ஒரு பங்கும் பெறாத மூன்றாம் ஆளின் மீது ஏற்றி வைப்பதற்குக் கிதாபுகளில் நாம் அனுமதி காணவில்லை. இரண்டு பெண் மக்களைப் பருவமடையும் வரை பேணி வளர்த்தவர் மறுமையில் தம்முடன் இரு விரல்கள் சேர்ந்திருப்பது போல் வருவார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் விரல்களைச் சேர்த்துக் காட்டினார்களே, அது அவர்களை வளர்த்தவருக்கு. அவர்களைக் கொண்டு மற்றவர்களை வளர்த்தவருக்கு என்று அதில் இல்லை.

பிள்ளைகள் பெருகினால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்பதை நம் மூத்தோர்கள் அறிந்திருந்தார்கள். கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூருக்குப் பிழைக்கப் போனவர்களில் பலர் குடும்பத்தையும் உடன் அழைத்துச் சென்றவர்கள். கப்பலேறியவர்கள் பெரும் பணக்காரர்களல்லர். ஆயினும் 1946-ல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் அங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. 1982 வரை அது நடந்தது. இன்று இங்கே பள்ளிக்கூடங்களுக்குக் குறைவில்லை. வீட்டிலிருந்து அதுவரை நடந்து போக மூத்தவளுக்கு அரை மணி நேரம் விடுதலைதான் குறைவாக இருக்கிறது.

இங்கே சிலர் ஒரு சந்தேகம் கேட்பார்கள். "உள்ளத்தில் ஒரு பிள்ளையின் மேல் கூடுதல் பாசம் இருக்கிறது. என்ன செய்வது?" உள்ளம் அல்லாஹ்வின் பிடியில் இருப்பது. யஃகூப் (அலை) அவர்களுக்கு யூஸுஃப் (அலை) அவர்கள் மேல் இருந்த பிரியத்தைத் திருமறையே கூறுகிறது. தாங்கள் ஒரு கூட்டமாக இருந்தும் தகப்பனாருக்கு யூஸுஃபும் அவர் தம்பியும்தான் பெரிது என்று அண்ணன்மார் கூடிப் பேசியதும் அதிலேயே வருகிறது. நபியின் பாசத்தில் குற்றம் காண யாருக்கும் இடமில்லை. கிணற்றில் தள்ளியவர்களின் குற்றம் தள்ளியவர்களோடு. ஆனால் பிள்ளைகளின் கண் எவ்வளவு கூர்மையானது என்பதை அந்தச் சூரா நமக்குக் காட்டி விடுகிறது. ஒரு நபியின் வீட்டிலேயே பிள்ளைகள் தராசைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள் என்றால், தராசே இல்லாத நம் வீட்டில் பார்க்க மாட்டார்களா? பாசம் உள்ளே இருக்கட்டும். கையில் வரும்போது அளந்து வர வேண்டும்.

கையில் வருவதற்கு ஷரீஅத் வைத்த அளவு நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் ஹதீஸ். அவருடைய தாயார் அம்ரா பின்த் ரவாஹா (ரலி) அவர்கள் தம் மகனுக்கு ஏதாவது கொடுக்கும்படி கணவரிடம் கேட்டார்கள். அவரும் ஓர் அடிமையைக் கொடுத்தார். நாயகம் (ஸல்) அவர்களைச் சாட்சியாக்கினால்தான் திருப்தி என்று தாயார் கூற, தகப்பனார் பஷீர் (ரலி) அவர்கள் மகனை அழைத்துக் கொண்டு போனார்கள். உமது மற்றப் பிள்ளைகளுக்கும் இதே போல் கொடுத்தீரா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். இல்லை என்றார்கள். அநியாயத்துக்கு நான் சாட்சியாக மாட்டேன் என்று மறுத்து, பிள்ளைகளிடையே நீதி செலுத்தும்படி ஏவினார்கள். பஷீர் (ரலி) அவர்கள் திரும்பி வந்து கொடுத்ததைத் திரும்ப எடுத்துக் கொண்டார்கள்.

நல்லி எலும்பில் தொடங்கிய வழக்கு கடைசியில் பத்திரப் பதிவு ஆபீஸில் போய் முடிவது இதனால்தான். தென்காசியில் வாப்பா ஹயாத்தோடு இருக்கும்போதே வீட்டை ஒரு மகன் பேருக்கு எழுதி வைத்து, ஜனாஸா எடுத்த நாற்பது நாளைக்குள் உடன்பிறந்தவர்கள் பேச்சை நிறுத்திக் கொண்ட குடும்பங்களை நாம் அறிவோம். கேட்டால், "மகளுக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாயிற்றே" என்று விடை வரும். ஹயாத்தில் கொடுக்கும் அன்பளிப்பில் ஆணும் பெண்ணும் சமம் என்பதே ஹனஃபி மத்ஹபில் ஃபத்வாவுக்குரிய சொல். ஷாஃபிஈ மத்ஹபும் அவ்வாறே கூறுகிறது. நோய், கடன், கல்வி போன்ற தக்க காரணத்துக்காக ஒருவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்கு இடமுண்டு. காரணமின்றிக் கூட்டிக் குறைப்பது வெறுக்கத் தக்கது. மற்றவருக்குத் தீங்கு செய்யும் எண்ணம் சேர்ந்தால் பாவம். மகளுக்குப் போட்ட நகையை அன்பளிப்புக் கணக்கில் வைத்துக் கொள்ளலாம். ஆனால் வாப்பாவுக்குப் பின் அவளுக்கு வரவேண்டிய வாரிசுப் பங்கை அந்த நகை அழித்து விடாது.

ஏற்கனவே ஒருவருக்கு மட்டும் கொடுத்து முடித்து விட்டவர்கள் என்ன செய்வது? ஷாஃபிஈ மத்ஹபில், தகப்பன் தன் பிள்ளைக்குக் கொடுத்த அன்பளிப்பு அந்தப் பிள்ளையின் உடைமையிலேயே இருக்கும் வரை அதைத் திரும்ப எடுத்துக் கொள்ளலாம். ஹனஃபி மத்ஹபில், பிள்ளை கைப்பற்றிக் கொண்ட பின் திரும்பப் பெற முடியாது. மற்றப் பிள்ளைகளுக்கும் அதற்கு ஈடாகக் கொடுத்துச் சமம் செய்வதுதான் வழி. "நான் மவுத்தான பிறகு கொடுங்கள்" என்று வஸிய்யத்து எழுதி வைத்துத் தப்பித்துக் கொள்ளவும் முடியாது. மற்ற வாரிசுகள் சம்மதித்தாலன்றி வாரிசுக்குச் செய்யும் வஸிய்யத்து செல்லாது. எனவே இன்றிரவே பிள்ளைகளின் பெயரைத் தாளில் எழுதி, யாருக்கு எது போயிருக்கிறது என்று எதிரே குறித்துப் பாருங்கள். எழுதும்போது மூத்த மகளின் பெயர் விடுபடாமல் இருக்கட்டும்.